மொலியரும் கூனோவும்: பேச்சு நாடகத்திற் புகுந்த பாட்டு

1858ஆம் ஆண்டு சனவரி 15ஆந் திகதி இரவு, பாரிசு நகரின் தெயாத்ர் லிரிக் என்னும் அரங்கிலே நாடகம் முடிந்த பின்னரும் திரை உடனே விழவில்லை. கலைத்தெய்வத்தின் கோலம் பூண்ட பாடகி ஒருத்தி மேடைக்கு வந்து, மொலியரின் மார்பளவுச் சிலைக்கு முடி சூட்டினாள். அவள் அவ்வரங்கின் நிருவாகியான லெயோன் கர்வாலோவின் மனைவி கரோலின் மியோலான் கர்வாலோ. அக்காலத்துப் பாரிசின் பெரும் பாடகியருள் ஒருத்தி. அன்றைய தினம் மொலியர் ஞானஸ்நானம் பெற்ற நாள். 1622ஆம் ஆண்டு அதே திகதியிலே அச்சடங்கு நிகழ்ந்தது.

இம்முடிசூட்டை வெறும் அலங்காரம் எனக் கொள்வதற்கில்லை. அன்று ஆடப்பட்டது மொலியரின் நாடகமேயாயினும், அது பாட்டுக் கலந்த ஒப்பெராவாக மாற்றப்பட்டிருந்தது. விரும்பா வைத்தியன் எனத் தமிழிற் சொல்லத்தக்க அந்நகை நாடகத்திற்குச் சார்ல் கூனோ இசையமைத்திருந்தார். மொலியரின் நாடகங்கள் தமக்கே உரியவை என எண்ணிய கொமெடி பிரான்செசு என்னும் அரச நாடகசபை, தன் எல்லைக்குள் வேற்றரங்கொன்று புகுந்துவிட்டதென அரங்கேற்றத்திற்கு முன்னரே எதிர்ப்புத் தெரிவித்தது. மூன்றாம் நெப்போலியனின் ஒன்றுவிட்ட சகோதரியான இளவரசி மதில்து தலையிட்ட பின்னரே தடை நீங்கியது. ஆகவே, மேடையிற் சிலையை நிறுத்தி முடி சூட்டிய செயல் மரியாதையாகவும் இருந்தது, மறுமொழியாகவும் இருந்தது. பேச்சுக்கென எழுதப்பட்ட ஒரு சிறந்த நகை நாடகத்திற் பாட்டைப் புகுத்த யாருக்கு உரிமையுண்டு என்பதே அம்மறுமொழிக்குப் பின்னின்ற வினா.

மூல நாடகம் 1666ஆம் ஆண்டு ஆகத்து 6ஆந் திகதி பாரிசில் அரங்கேறியது. கதை எளியது. விறகுவெட்டியான ஸ்கனரெல் குடிகாரன். மனைவி மார்த்தீனை அடிப்பவன். பழிவாங்க எண்ணிய மனைவி, வைத்தியனைத் தேடித் திரியும் இரு வேலைக்காரரிடம் தன் கணவனைக் காட்டி, இவன் பெரிய வைத்தியன், ஆயினும் அடித்தாலன்றி அதனை ஒப்புக்கொள்ளான் என்கின்றாள். அடி விழுகின்றது, விறகுவெட்டி வைத்தியனாகின்றான். அவன் குணப்படுத்த வேண்டியவள் லூசாந்து என்னும் செல்வர் மகள். அவள் ஊமையாகிவிட்டாள், உண்மையில், தந்தை தேர்ந்த மணமகனை ஏற்க மனமின்றி ஊமைபோல நடிக்கின்றாள். இதன் வேர் மொலியருக்கும் முற்பட்டது. குடியானவன் ஒருவன் அடிபட்டு வைத்தியனாகும் கதையொன்று மத்தியகாலப் பிரெஞ்சுச் செய்யுட் கதைகளிலே உண்டு. அக்கதையை எடுத்து, தம் காலத்து வைத்தியரின் இலத்தீன் படாடோபத்தை எள்ளி நகையாடும் கருவியாக்கியமையே மொலியரின் ஆற்றல். இலத்தீன் அறியாத நோயாளியின் முன் இலத்தீன் பேசுவதே வைத்தியம் என்ற நிலையை, இலத்தீன் அறியாத விறகுவெட்டி ஒருவன் வாயாலேயே அவர் உடைத்துக் காட்டினார். ஆங்கிலம் அறியாத கட்சிக்காரரின் முன் ஆங்கிலத்தில் வாதாடிய நியாயதுரந்தரரைக் கண்ட நாட்டவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இத்தகைய நாடகத்திற்குப் பாட்டு வேண்டியதுதானா? கொமெடி பிரான்செசின் எதிர்ப்பிலே, உரிமைப் பேராசையோடு, சொல்லே இங்கு உயிர், இசை அதனை மூடிவிடும் என்ற நியாயமான அச்சமும் இருந்திருத்தல் கூடும். ஆயின் மொலியரின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்பவர்க்கு அவ்வாதம் வலுவிழந்து தோன்றும். மொலியர் இசையை வெறுத்தவர் அல்லர். இத்தாலியிற் பிறந்து பதினான்காம் லூயியின் அவையிற் செல்வாக்குப் பெற்ற லுல்லி என்னும் இசைஞரோடு சேர்ந்து, பேச்சும் பாட்டும் நடனமும் விரவிய நாடகங்கள் பலவற்றை அவர் படைத்தார். 1670இல் ஆடப்பட்ட பூர்சுவா ஜான்தியோம் அவற்றுட் பெயர் பெற்றது. விரும்பா வைத்தியன் அவ்வகையைச் சேர்ந்ததன்றெனினும், அதனுள்ளும் தன் குடிபோத்தலைக் கொஞ்சி ஸ்கனரெல் பாடும் பாட்டொன்று மொலியராலேயே எழுதப்பட்டுள்ளது.

மொலியரையும் இசையையும் பிரித்தது கலையன்று. ஓர் உரிமைப் பத்திரம். 1672இல் லுல்லி, இசை நாடகங்களை நடத்தும் தனியுரிமையை அரசனிடமிருந்து பெற்றுக்கொண்டார். ஏனைய குழுக்கள் வைத்துக்கொள்ளத்தக்க பாடகர், வாத்தியகாரர் தொகைக்கு வரம்பு விதிக்கப்பட்டது. நேற்றுவரை கூட்டாளியாயிருந்தவர் இன்று கதவை அடைத்தார். மொலியர் வேறோர் இசைஞரான சார்பாந்தியேயை நாடித் தம் இறுதி நாடகத்தை மேடையேற்றினார். அதன் நான்காம் ஆட்டத்தன்று, 1673 பெப்பிரவரி 17இல், இறந்தார். அதன்பின் பேச்சு நாடகத்திற்கு ஓர் அரங்கு, பாட்டு நாடகத்திற்கு வேறோர் அரங்கு என்ற பாகுபாடு பிரான்சில் நிலைபெற்றது. 1807இல் முதலாம் நெப்போலியன் எந்த அரங்கு எவ்வகை நாடகத்தை ஆடலாம் என்பதைச் சட்டமாகவே வரையறுத்தான். கூனோவின் ஒப்பெரா எதிர்கொண்டது இந்த வேலியையே. வேலி அதன்பின் நெடுநாள் நிற்கவில்லை. 1864இல் அம்முறை நீக்கப்பட்டது.

கூனோ இந்நாடகத்தைத் தேர்ந்ததும் ஒரு தற்செயலே. நாற்பதை நெருங்கிய அவர் அதுவரை எழுதிய ஒப்பெராக்களான சாபோவும் குருதி தோய்ந்த கன்னித்துறவியும் நின்று நிலைக்கவில்லை. அவர் மனம் அப்போது கேதேயின் பவுஸ்திலேயே ஈடுபட்டிருந்தது. ஆனால் வேறோர் அரங்கு அதே கதையைப் பேச்சு நாடகமாக ஆட முற்பட்டமையால், கர்வாலோ அம்முயற்சியைத் தள்ளி வைத்து, இடைக்காலத்திற்கு வேறொன்று கேட்டார். மொலியரின் நாடகம் தேர்ந்தெடுக்கப்பட்டது. பாடற்பகுதிகளை அமைத்தோர் ஜூல் பர்பியே, மிசேல் கரே என்னும் இருவர். பவுஸ்திற்கும் அவர்களே ஆசிரியர். பவுஸ்து 1859 மார்ச்சில் அதே அரங்கில் வெளிவந்து கூனோவின் பெயரை உலகெங்கும் பரப்பியது. எனினும், பொதுமக்களின் ஆதரவை அவருக்கு முதன்முதல் ஈட்டித் தந்தது இந்தச் சிறு நகை நாடகமே. அவ்வெற்றியைத் தாயிடம் சொல்லி மகிழும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. அரங்கேற்றத்தின் மறுநாள், சனவரி 16இல், அவருடைய தாயார் காலமானார்.

மூலத்தை அவர்கள் கையாண்ட முறையே இங்கு ஆராயத்தக்கது. மொலியரின் உரைநடையிற் பெரும்பகுதி பேச்சாகவே விடப்பட்டது. பாட்டு எல்லா இடத்திலும் புகவில்லை. புகுந்த இடங்கள் மூலத்திலேயே பாட்டுக்கு வாயில் திறந்து வைத்திருந்த இடங்கள். கணவனும் மனைவியும் சொல்லுக்குச் சொல் எதிரெறியும் சண்டையோடு நாடகம் தொடங்குகின்றது. அது இருவர் பாடலாயிற்று. சண்டையில் ஒருவர் சொல்லை மற்றவர் பறித்துத் திரும்பச் சொல்வது வழக்கம். பாட்டிலும் அதுவே வழக்கம். குடிபோத்தற் பாட்டு மொலியரின் சொல்லோடே நின்றது. விறகுவெட்டிகளின் குழுப்பாடல் புதிதாகச் சேர்ந்தது. காதலன் லெயாந்திர் பாடும் பாட்டிற்கு, மொலியர் காலத்து இசையை நினைவூட்டும் பழைய சாயல் கொடுக்கப்பட்டது. முன்னிசையிலும் அச்சாயல் உண்டு. லுல்லி மூடிய கதவை லுல்லியின் நடையைக் கொண்டே கூனோ திறந்தார் எனலாம்.

எல்லாவற்றினும் நுட்பமானது ஊமைப் பெண்ணின் நிலை. ஒப்பெராவிலே கதாநாயகி பாடுதல் வேண்டும்; இக்கதையிலோ அவள் வாய்திறத்தல் ஆகாது. வைத்தியன் நோயாளியைச் சோதிக்கும் காட்சி இரண்டாம் அங்கத்தில் அறுவர் பாடலாக அமைந்துள்ளது. மற்ற ஐவரும் சொற்களைப் பொழிய, அவள் மொலியர் எழுதி வைத்த பொருளற்ற ஒலிகளையே எழுப்புகின்றாள். பேச்சு நாடகத்தில் அவ்வொலி ஒரு வேடிக்கை, அவ்வளவே. ஒப்பெராவிலோ, பாட வந்தவள் பாடாதிருக்கின்றாள் என்ற இரண்டாவது வேடிக்கையும் அதனோடு சேர்கின்றது. மூன்றாம் அங்கத்தில் அவள் வாய் திறந்ததும் தந்தையால் அடக்க முடியாத வெள்ளமாகச் சொல் பாய்கின்றது. அவ்விடம் ஐவர் பாடலாயிற்று. இவ்விரு காட்சிகளையும் அடுத்தடுத்து நோக்குவோர், இசை மொலியரின் நகைச்சுவையை மூடவில்லை, அதற்குள்ளிருந்த மற்றொரு நகைச்சுவையை வெளிக்கொணர்ந்தது என்பதை உணர்வர்.

இந்நாடகத்திற்குப் பாட்டுச் சேர்த்த முதல்வர் கூனோவும் அல்லர். ஆங்கில நாவலாசிரியர் பீல்டிங் 1732இலேயே இதனைப் போலி வைத்தியன் என்ற பெயரிற் சிறு பாட்டுக்கள் விரவிய நாடகமாக இலண்டனில் அளித்தார். அங்கே மக்கள் அறிந்த மெட்டுக்கள் இடையிடையே வந்தன. காட்சியின் கட்டுக்கோப்பே இசையால் ஆனதன்று. எதிர்த்திசையிற் சென்றோரும் உண்டு. ருசிய நடனக்குழுத் தலைவர் தியாகிலெவ் இவ்வொப்பெராவை மொன்தே கார்லோவில் மேடையேற்ற விரும்பியபோது, பேச்சுப் பகுதிகள் யாவற்றையும் பாடற்பேச்சாக மாற்றும்படி எரிக் சத்தீ என்பவரைக் கேட்டார். சத்தீ 1923இல் அதனைச் செய்து முடித்தார். 1924 சனவரியில் அது ஆடப்பட்டது. சத்தீயின் திறமையை மறுப்பதற்கில்லை. எனினும், எல்லாமே இசையானபின், இசை எப்போது தொடங்கும் என்ற எதிர்பார்ப்பு இல்லாது போகின்றது. ஊமையின் மௌனத்திற்கும் மற்றையோர் பேச்சிற்கும் பாட்டிற்கும் இடையே கூனோ வைத்த மூன்று படிகள் அங்கே இரண்டாகக் குறைந்துவிடுகின்றன.

மொலியரின் வரிகளைத் தொட இத்துணை அஞ்சிய மிசேல் கரே, ஐந்தாண்டுகளின் பின்னர் அதே கர்வாலோவின் அரங்கிற்காக வேறொரு நாடகம் எழுதினார். அதன் களம் இலங்கை. யூஜேன் கோர்மோன் என்பவரோடு சேர்ந்து அவர் எழுதிய முத்துக்குளிப்போர் என்னும் ஒப்பெராவுக்கு இசையமைத்தவர், கூனோவைத் தம் ஆசானாகப் போற்றிய ஜோர்ஜ் பிசே. அப்போது அவருக்கு வயது 24. 1863 செத்தெம்பர் 30இல் அரங்கேறி 18 ஆட்டங்களோடு அது நின்றது. முதலில் மெக்சிக்கோவில் நிகழ்வதாக எண்ணப்பட்ட கதையே பின்னர் இலங்கைக்குப் பெயர்க்கப்பட்டது. பெயர்த்தெழுந்த இலங்கையிற் பிரமனையும் சிவனையும் வாழ்த்தும் பாட்டுக்கள் ஒலிக்கின்றன. முக்காடிட்ட கன்னிப்பெண் ஒருத்தி பாறைமீது நின்று, முத்துக்குளிப்போரைக் காக்கப் பாடுகின்றாள். பிசேயின் இத்திறமையை முன்னரே அறிந்திருந்தால் இன்னும் நல்ல நாடகத்தை அவருக்குக் கொடுத்திருப்போம் என்ற கருத்தில் ஆசிரியர்களே பின்னர் வருந்தினர் என்பர்.

மன்னார்க் கடலின் உண்மை வரலாறு அவர்களுக்குக் கிட்டியிருந்தால் கற்பனைக்குத் தேவையே இருந்திராது. அரிப்பு, சிலாவத்துறைக் கரைகளில் முத்துக்குளிப்பு நிகழ்ந்த காலங்களிற் கடல்கட்டுவோர் என ஒரு சாரார் இருந்தனர். மந்திரத்தாற் சுறாக்களின் வாயைக் கட்டுவதாகச் சொல்லப்பட்ட அவர்களின்றிக் குளியாட்கள் கடலில் இறங்க மறுத்தமையால், ஆங்கில அரசாங்கமே அவர்களைச் சம்பளத்திற்கு அமர்த்திற்று. பாறைமீது நின்று பாடும் கன்னியின் பின்னே இவர்களைப் பற்றிய ஏதோவொரு பயணக் குறிப்பின் நிழல் இருக்கலாம், நிழல்தான். மொலியரை அறிந்திருந்த கரே, எங்கே பாட்டு வேண்டாம் என்பதையும் அறிந்திருந்தார். இலங்கையை அறியாத கரே எல்லா இடத்திலும் பாட்டையே வைத்தார். இரண்டாவதன் இசை முதலாவதனினும் இனியது என்பதை மறுப்பவர் அரியர். நாடகமாக நோக்குங்கால் எது நின்றுபிடிக்கும் என்பது வேறு வினா.

இவ்வரலாற்றைத் தமிழ் மேடையோடு ஒப்பு நோக்கினால், எதிர்முகமாக ஓடும் ஆறொன்று தெரியும். பிரான்சில் பேச்சினுள் பாட்டைக் கொணரப் போராட வேண்டியிருந்தது. தமிழிலோ பாட்டினுள்ளிருந்து பேச்சை மீட்கப் போராட வேண்டியிருந்தது. கொழும்பிலே கொட்டாஞ்சேனையை அடுத்த ஜிந்துப்பிட்டியில் இந்தியாவிலிருந்து வந்த குழுக்கள் ஆடிய நாடகங்கள் பாட்டே நாடகம் என்னும்படி அமைந்தவை. அழுகைக்கும் பாட்டு, ஆணைக்கும் பாட்டு, சாவதற்கு முன்னரும் ஒரு பாட்டு. இந்நிலையிலே, சென்னையில் 1891இற் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்த பம்மல் சம்பந்த முதலியார் உரைநடை நாடகத்திற்கு இடம் தேடினார். அவர் ஆக்கிய காளப்பன் கள்ளத்தனம், மொலியரின் ஸ்காபனைத் தழுவியது. ஒரே ஆசிரியரைப் பாரிசு பாட்டுக்காக நாடிற்று. சென்னையோ பேச்சுக்காக நாடிற்று.

இலங்கையில் அப்பணியைப் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை வேறொரு வகையில் நிறைவேற்றினார். பல்கலைக்கழகக் கல்லூரித் தமிழ்ச் சங்க மாணவருக்காக அவர் எழுதிய உடையார் மிடுக்கு, முருகன் திருகுதாளம், கண்ணன் கூத்து, நாட்டவன் நகர வாழ்க்கை என்பன 1940இல் நானாடகம் என்ற நூலாயின. யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கை மேடையில் அவர் அவ்வண்ணமே வைத்தார். உடையாரின் மிடுக்கு உடையாரின் வாய்ச்சொல்லிலே இருந்தது. அதனைச் செந்தமிழாக்கியிருந்தாலும் இராகத்தில் அமைத்திருந்தாலும் மிடுக்குப் போயிருக்கும். மொலியரின் பெயரை இங்கு இழுக்க வேண்டியதில்லை. இருவர் கையாண்டதும் ஒரே கருவி என்பது போதும்.

பேச்சு மீட்கப்பட்ட பின்னர்தான் பாட்டைப் பற்றிய வினா மீண்டும் எழுந்தது. கோகோலின் நகை நாடகத்தைத் தழுவி 1945இற் கபுவா கபோதியைச் சிங்களத்தில் அளித்தவர்களுள் ஒருவரான எதிரிவீர சரச்சந்திர, பின்னர் நாடகம எனப்படும் சிங்களக் கூத்து மரபிற்குத் திரும்பி, 1956 நவம்பர் 3இல் மனமேயைக் கொழும்பு லயனல் வென்ற் அரங்கில் மேடையேற்றினார். தமிழிலே, கணபதிப்பிள்ளையின் மாணவரான பேராசிரியர் சு. வித்தியானந்தன், விடிய விடிய ஆடப்பட்ட மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கிப் பேராதனை மாணவரைக் கொண்டு கர்ணன் போர் (1962), நொண்டி நாடகம் (1963), இராவணேசன் (1964), வாலிவதை (1967) ஆகியவற்றை மேடைக்குக் கொணர்ந்தார்.

இவற்றுட் பெரும்பாலானவை வீரமும் அவலமும் பற்றியவை. நகைச்சுவைக்கு அண்மையில் வருவது, தென்மோடியில் அமைந்த நொண்டி நாடகமே. ஆயின் கூத்தின் பழைய அமைப்பினுள்ளேயே இவ்வினாவிற்குரிய விடை ஒன்று கிடக்கின்றது. அரசரும் மந்திரியும் பாட்டிலே வருவர், பாட்டிலே போவர். அவர்களுக்கிடையே நிற்கும் கட்டியக்காரன் தன் வரவை மட்டும் பாடி அறிவித்துவிட்டு, அரசன் சொன்னதற்கு ஊர்ப்பேச்சிலே கோணல் விளக்கம் சொல்லுவான். சபையோர் சிரிப்பது அங்கேதான். அவனுக்கு முழுநேரப் பாட்டுக் கொடுத்த அண்ணாவியார் எவரும் இலர்.